மாடிக்கும் கடைக்கும் ஒரு போன்

கீழே தையல் கடை, மேலே வீடு. மோட்டார் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டால் மாடியில் இடி விழுந்தாலும் டெய்லரக்காவுக்குக் கேட்காது. போன மாதம் அவள் கணவர் கட்டிலிலிருந்து விழுந்ததும் அப்படித்தான் கேட்காமல் போனது. பக்கவாதம் அவருடைய பேச்சையும் வலது கையையும் கொண்டுபோயிருந்தது. கூப்பிடக் குரல் இல்லை, செல்போன் திரையில் விரல் நிற்பதில்லை. "ஞாயித்துக்கிழமை வந்து தம்பிய எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று நாத்தனார் சொல்லிவிட்டாள். அதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் டெய்லரக்காவுக்கு எரிச்சல்.

அவர் எலக்ட்ரீஷியன். நன்றாக இருந்த காலத்தில் வீட்டு விளக்கும் விசிறியும் சொன்னபடி கேட்க ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டியை மாட்டியிருந்தார். அதிலேயே போன்களை இணைக்கும் சர்வர் மென்பொருள் ஒன்றைச் சேர்த்தால் வீட்டுக்குள்ளேயே போன் பேசலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தாள். இரண்டு மேசைப் போன்களை வாங்கி வந்தாள். அவர் ரிசீவரை எடுத்தாலே கடையில் மணி அடிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

கட்டிலோரம் லேப்டாப்போடு உட்கார்ந்தாள். திரை எக்ஸ்டென்ஷன் என்றது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அயர்ன்பாக்ஸ் செருகும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். போர்ட் என்றது, பாஸ்வேர்டு என்றது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது.

ஓர் இடம் மட்டும் புரிந்தது. எக்ஸ்டென்ஷன் என்பது போனுக்குக் கொடுக்கும் எண்ணாம். துணி வெட்டியதும் ஒரு சட்டையின் கைக்கும் காலருக்கும் ஒரே எண்ணைத்தான் சாக்பீஸால் போடுவாள். ஜோடி மாறக்கூடாது அல்லவா? இரண்டு போனுக்கும் 101 என்று போட்டாள். ரிசீவரை எடுத்தால் பிஸி டோன்.

அவர் வேண்டாம் என்பதுபோல் தலையாட்டினார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் 101, மறுபடியும் தலையாட்டல். இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு தலகாணியா? ரெண்டு மாத்திரையா?"

எதுவும் இல்லை.

"என்னங்க, அக்கா வீட்டுக்கே போகணும்னு இருக்கா? அதனாலதான் இது வேண்டாங்கிறீங்களா?"

இடது கையால் கட்டிலைப் படாரென்று அடித்தார். பிறகு ஒரு போனைத் தொட்டு ஒரு விரல் காட்டினார். அடுத்ததைத் தொட்டு இரண்டு விரல்.

"அடச்சே! வேற வேற நம்பரா? இத முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது.

எண்ணை மாற்றி, ஒரு போனைக் கடையில் வைத்ததுமே மணி அடித்தது. "என்ன வேணும்? தண்ணியா?" மூச்சு மட்டும் கேட்டது. விழுந்தடித்து மேலே ஓடினாள். ஒன்றும் வேண்டாம், போ என்று கையை ஆட்டினார். கீழே வந்தால் மறுபடி மணி. மறுபடி ஓட்டம். அப்போதும் ஒன்றும் வேண்டாமாம். இந்த மனுஷனுக்கு என்னதான் வேண்டும் என்று தலை சுற்றியது. அடுத்த முறை மணி அடித்தபோது அவள் எதையும் கேட்கவில்லை.

"இங்கதான் இருக்கேன். காலர் தைக்கிறேன்."

மறுமுனையில் ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தாள்.

"அண்ணி, ஞாயித்துக்கிழமை வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க. உங்க தம்பி வரலையாம்."

"யாரு சொன்னா?"

"அவரேதான் சொன்னாரு."