கட்டைவிரலின் சத்தம்

உடையார்பாளையத்தில் முந்திரிப் பருப்பு வியாபாரம் செய்யும் குழந்தைவேலுக்கு ஐம்பதை நெருங்குகிற வயதில் கீபோர்டு ஆசை வந்தது. மகளுக்குப் பள்ளிக்கூட நாளில் வாங்கிக் கொடுத்த சின்னப் பெட்டியில், செல்போனைப் பார்த்துப் பார்த்துப் பழகினார். அதில் மெதுவாகத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் ஒரே சத்தம்தான். ஒரு பொத்தானை அமுக்கினால் தாளமும் தானாகச் சேர்ந்துகொள்ளும். கேட்டவர்களெல்லாம் தலையாட்டினார்கள். தனக்குக் கைவந்துவிட்டது என்று அவரும் நம்பிவிட்டார்.

மகள் சண்முகப்பிரியாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பில் தானே தாலாட்டு வாசிக்கப் போவதாகச் சம்பந்தியிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்தார். அந்தப் பெருமைக்குப் பழைய பெட்டி போதுமா? திருச்சிக்குப் போய், விரலின் அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் கொடுக்கும் பெரிய கீபோர்டாக வாங்கி வந்தார்.

வீட்டில் வைத்து வாசித்தால், கட்டைவிரல் பட்ட இடமெல்லாம் ஏலம் கூவியது. சுண்டுவிரல் பட்டது காதிலேயே விழவில்லை. பெட்டியில் கோளாறு என்று கடைக்குப் போன் போட்டார்.

"வேற யாரையாவது தொடச் சொல்லிப் பாருங்க சார்" என்றார் கடைக்காரர்.

மனைவி ஜெயலட்சுமி ஒவ்வொரு கீயாகத் தொட்டாள். எல்லாம் ஒழுங்காகப் பேசின.

"ஆடத் தெரியாதவ..." என்று ஆரம்பித்தாள்.

"மேடை கோணல்னாளாம். தெரியும், விடு."

காலமெல்லாம் பருப்பைக் கட்டைவிரலால் அழுத்தி ஈரம் பார்த்த கை. தாலாட்டையும் அப்படித்தான் பதம் பார்த்துக்கொண்டிருந்தது. இதைக் கேட்டுப் பிள்ளை தூங்குவதாவது, தூங்குகிற பெரியவர்களே எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று நொந்துகொண்டார்.

வளைகாப்பன்று பழைய பெட்டியைத் துடைத்து எடுத்து வைத்தார். சம்பந்தி முன்னால் மானம் போய்விடும் என்று நிஜமாகவே பயம். மகள் பார்த்துவிட்டாள்.

"புதுசு எங்கப்பா?"

"அது என் தப்பையெல்லாம் வெளியில சொல்லுதும்மா."

"சொன்னா சொல்லிட்டுப் போவுது. அதுலயே வாசிங்க."

வாசித்தார். தாளப் பொத்தானைத் தொடவில்லை. கட்டைவிரல் இரண்டு இடத்தில் கத்தியது, ஓரிடத்தில் வழி தெரியாமல் நின்றார். வியர்த்து விறுவிறுத்து முடித்தபோது சம்பந்தி மரியாதைக்குக் கைதட்டினார்.

சண்முகப்பிரியா வளையல் அடுக்கிய கையை வயிற்றில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "இத்தனை நாளா பொட்டிதாம்பா வாசிச்சுது. இன்னைக்குத்தான் நீங்க வாசிச்சிருக்கீங்க."

அதுக்குப் பொட்டியே தேவலாம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் கை மறுபடியும் கீபோர்டுக்குப் போய்விட்டது.