கடைசி வரி வராத பட்டியல்

ஒரு பட்டியலை எடுத்த செயலும் அதே பட்டியலில் பதிவாக வேண்டும் என்றால், அந்தப் பட்டியலை எப்போதுதான் எடுத்து முடிப்பது? சித்தி என்னிடம் கேட்ட கேள்வி இது.

சித்திக்குக் குடிநீர் அலுவலகத்தில் பதினெட்டு வருட வேலை. அங்குள்ள பெரிய கணினியிலிருந்து எந்தக் கோப்பு வெளியே போனாலும், யார் எடுத்தது, எங்கே போனது, எத்தனை மணிக்கு என்று அதுவே ஒரு வரி எழுதிக்கொள்ளும். அந்த வரிகளைப் படித்துச் சொல்வதுதான் சித்தியின் வேலை.

ஒரு நாள், வீட்டு முகவரிகள் அடங்கிய கோப்பு வெளியே போய்விட்டதாகப் புகார் வந்தது. பழி சித்தி தலையில் விழுந்தது. ஐந்து மணிக்குள் நிரூபிக்காவிட்டால் வேலையிலிருந்து நிறுத்திவைப்பதாக மேலாளர் சொல்லிவிட்டார். சித்தி அசரவில்லை. பதிவுகளைத் தன் மேசைக் கணினிக்கு இறக்கி, அச்செடுத்து நீட்டினாள்.

"பாருங்க சார், காலைல ஆறு மணிக்கு மெஷினே தானா பில் அடிக்க அச்சகத்துக்கு அனுப்பியிருக்கு. என் பேரே இல்ல."

மேலாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "கடைசி வரி ஒண்ணே முக்காலோட நிக்குது. ரெண்டு பத்துக்கு நீங்க இதை இறக்கினீங்களே, அது எங்க?"

"இறக்கி முடிச்சப்புறம்தானே சார் அது பதிவாகும்?"

"அரைகுறைப் பட்டியல்ல நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

சித்தி மறுபடி இறக்கினாள். இரண்டு பத்துக்கு இறக்கிய வரி வந்திருந்தது, இப்போது இறக்கிய இரண்டரை வரவில்லை. இன்னொரு முறை இறக்கினாள். இரண்டரை வந்தது, மூன்று வரவில்லை. நான்காவது முறை இறக்கிய தாளைப் பார்த்ததும் மேலாளர் முகம் இருண்டது.

"ஒரே மத்தியானத்துல மூணு தடவை கோப்பு எடுத்திருக்கீங்க. இப்பதான் எனக்கு நிஜமாவே சந்தேகம் வருது."

"எடுக்கச் சொன்னதே நீங்கதானே சார்!"

"அக்கா, கடைசி வரியைப் பேனாவால எழுதிக் குடுத்துடுங்க" என்றார் பக்கத்து மேசை தட்டச்சர்.

"கையால எழுதினா போலி!" என்று மேலாளர் பாய்ந்தார்.

மணி நாலே முக்கால் ஆனது. சித்தி எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே உங்க பேர்ல இறக்குங்க சார். நான் எடுத்தது ஒண்ணு விடாம வந்துடும்."

இறக்கினார். நான்கும் வந்திருந்தன. மேலாளர் வெற்றிப் புன்னகையோடு பேனாவைத் திறந்தார்.

"சரியா இருக்கா சார்?" என்றாள் சித்தி. "இப்ப யாரோட வரி விட்டுப்போச்சு?"

பேனா அந்தரத்தில் நின்றது. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு, "பட்டியல் முழுமையானது, விசாரணை முடிந்தது" என்று வேகவேகமாக எழுதிக் கையெழுத்திட்டார்.

முழுப் பட்டியல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் ஒருவர் உங்கள் அலுவலகத்திலும் இருப்பார். அவருக்குக் கீழே வேலை பார்ப்பவரிடம் தயவுசெய்து இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள்.