புகை பார்க்கும் நாள்

குளிர்காலம் என்ற ஒன்றே இல்லாத ஊரில் எங்கள் வீட்டுக்குப் புகைபோக்கி இருந்தது. எழுபதுகளின் நடுவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்தோம். ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு நின்ற இரண்டு பழைய கடைவீடுகளில் ஒன்றில் நாங்கள், மற்றதில் பெரியப்பாவும் பெரியம்மாவும். பின்கட்டில், அந்தப் பொதுச்சுவரின் இந்தப் பக்கம் எங்கள் விறகு அடுப்பு, அந்தப் பக்கம் அவர்களுடையது. கூரைக்கு மேலே இரண்டு புகைபோக்கிகளும் ஒட்டி நின்றன.

எங்கள் அடுப்பு ஓயாமல் எரிகிற காலம் டிசம்பர். தீபாவளிக்குச் சந்தில் உள்ள இந்துக் குடும்பங்கள் எங்களுக்குப் பலகாரத் தட்டு அனுப்புவார்கள். தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை என்பதால், அவை எங்கள் அலமாரியிலேயே கிறிஸ்துமஸ்வரை காத்திருக்கும். பிறகு அம்மா முறுக்கும் அதிரசமும் அச்சுமுறுக்கும் சுட்டு, ஒவ்வொரு தட்டையும் நிரப்பி அனுப்புவார். சந்தில் பாதிப் பேர் வீட்டில் அந்த ஒரு மாதம் தட்டுப் பஞ்சமாக இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை.

அதனால் சுடுவதற்கு முன்பு புகைபோக்கியைச் சோதிப்பது வழக்கம். ‘புகை பார்ப்பது’ என்போம். அந்த வருடம் அது வழக்கத்தைவிடப் பெரிய காரியமாகிவிட்டது. அடுத்த சந்தில் ஒரு வீட்டின் புகைபோக்கியில் படிந்த கரி தீப்பிடித்து, கூரை பாதி போயிருந்தது. தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் வீட்டுக்கார முதலாளி நேரில் வந்து, புகை சரியாக மேலே போகவில்லையென்றால் விறகு அடுப்பை இடித்துவிடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவின் பெரிய சட்டி கேஸ் அடுப்பில் உட்காராது. அத்தனை தட்டுகளையும் எதைக்கொண்டு நிரப்புவது என்று அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பாவும் பெரியப்பாவும் மூன்று வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. எங்கள் கோவிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டும்போது, கூரைக்கு வைக்கோல் போதும் என்றார் அப்பா. அதன் மேல் பனி மாதிரி பஞ்சு தூவ வேண்டும் என்றார் பெரியப்பா. இயேசு பிறந்த ஊர்ப் பனியைப் பற்றி, வாழ்நாளில் பனியையே பார்த்திராத இரண்டு பேர் பங்குச் சாமியார் முன்னால் கத்திச் சண்டை போட்டார்கள். அதன்பிறகு அப்பா முதல் பூசைக்குப் போனார், பெரியப்பா இரண்டாம் பூசைக்குப் போனார். புருஷன்மார் பேசாததால் அம்மாவும் பெரியம்மாவும் பேசக்கூடாது என்றாகிவிட்டது. எனக்கு மட்டும் தடையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மாதான் எங்களுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுப்பார். நாங்கள் வேதாகமம் வாசிக்கும்போது ஒரு ‘ழ’ தவறினாலும் விடமாட்டார்.

வேலை முடிந்து வந்ததும் அப்பா சமையலறையில்தான் உட்காருவார். முன்னறையில் மின்விசிறி இருந்தது, நல்ல விளக்கும் இருந்தது. இவரோ அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு, வியர்க்க வியர்க்கத் தமிழ்ப் பத்திரிகையை விரித்து வைத்திருப்பார். அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா பத்திரிகையைச் சத்தம் போட்டுப் படிப்பார். பெரியம்மாவுக்காகப் படிக்கிறார் என்று வீட்டில் சொல்வார்கள். அந்தக் குரல் எங்கள் அடுப்புக்கு மேலிருந்து தெளிவாக வரும். புகைபோக்கி என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். அப்பா ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை மரண அறிவித்தல் பக்கத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

புகை பார்க்கும் நாளன்று கொத்தனார் சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார். அம்மா சமையலறையிலிருந்து பதறிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார்.

“அக்கா, பழைய பேப்பர் குடுங்க. நனைச்சுக் கொளுத்துனா புகை எங்க போவுதுன்னு தெரிஞ்சிரும்” என்றார் கொத்தனார். பிறகு என்னைப் பார்த்து, “பாப்பா, நீ பின்சந்துல போயி நில்லு. மேல புகை வந்தா கத்து” என்றார்.

நான் போய் அண்ணாந்து நின்றேன். அப்பாவும் வந்து நின்றார். எங்கள் புகைபோக்கியின் விளிம்பில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. புகை வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பெரியப்பா வீட்டுப் பின்வாசலிலிருந்து வெள்ளையாகப் புகை கொட்டியது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பெரியம்மா ஓடிவந்தார். பின்னாலேயே பாதி முகத்தில் சவரச் சோப்போடு பெரியப்பா.

அவர் அப்பாவைப் பார்த்தார். உடனே என் பக்கம் திரும்பி, “உங்கப்பன்கிட்ட கேளு, மனுசனக் கொல்லப் பாக்குறானான்னு” என்றார்.

அப்பா ஒரு கை தூரத்தில்தான் இருந்தார். நான் அவரிடம் அதை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“பெரியப்பாகிட்ட சொல்லு, புகை பாக்குறோம். கொஞ்ச நேரம் வெளியவே நிக்கச் சொல்லு.”

அதையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பெரியவர்களின் வாக்கியங்களை அவர்களிடமே சொல்ல வேறு எப்போது வாய்க்கும்?

கொத்தனார் முழங்கைவரை கரியோடு வெளியே வந்தார். கையில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். “அண்ணே, மேல மைனா கூடு கட்டி அடைச்சு வச்சிருக்கு. அத எடுத்துரலாம். ஆனா சொவத்துல ஒரு கல்லக் காணோம் லா. அந்த ஓட்டையில இது இருந்துச்சு” என்றார்.

கிண்ணத்தில் பாதி எலுமிச்சை ஊறுகாய். விளிம்பில் பெரியம்மாவின் பெயரெழுத்து வெட்டியிருந்தது. அம்மாவும் பெரியம்மாவும் ஒரே நேரத்தில் மைனாவைப் பார்க்கத் தொடங்கினார்கள். காணாமல் போன செங்கல் எங்கள் துடைப்பத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. கொத்தனார் முன்னதாக வந்ததில் அதைத் திரும்பச் சொருக அம்மாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. மூன்று வருடம் பேசாமல் இருந்தவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் அங்கேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அப்பாவோ பெரியப்பாவோ கொஞ்சம்கூட ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

“இத சிமெண்டு வச்சு அடைக்கணும்ணே. எண்ணெய்ச் சட்டி தீப்புடிச்சா ரெண்டு வீடும் போயிரும். பொதுச்சொவரு, ரெண்டு பேரும் சரின்னு சொல்லுங்க.”

அப்பா தரையைப் பார்த்தார். பெரியப்பா காய்ந்துபோன சோப்பைத் துண்டால் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். வேண்டாம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

“அவருக்குச் சரின்னா எனக்கும் சரி” என்றார் அப்பா என்னிடம்.

“உங்கப்பனுக்குச் சரின்னா எனக்கென்ன” என்றார் பெரியப்பா, அதுவும் என்னிடம்தான்.

மூன்று வருடத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். கொத்தனார் கூட்டை எடுத்தார், கல்லை வைத்துப் பூசினார், மறுபடி பேப்பரைக் கொளுத்தினார். புகை நேராக மேலே போனது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். தவுக்கே வந்து பார்த்துத் தலையாட்டினார். அடுப்பு பிழைத்தது, முறுக்குக்கு ஆபத்தில்லை. ஆனால் வீட்டில் யாருக்கும் அதில் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

அன்று மாலையும் அப்பா அடுப்படியில் போய் உட்கார்ந்தார். சுவர் சும்மா இருந்தது. ஆச்சரியமாக, அவர் பக்கங்களை மடமடவென்று திருப்பினார். ஐந்து நிமிடத்தில் பத்திரிகை முடிந்துவிட்டது. மறுநாளும் அப்படியே.

அதற்கு அடுத்த நாள் மாலை, வீட்டின் முன்னால், அஞ்சடி நடைபாதையில் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. பெரியப்பா வெளியே வந்து உட்கார்ந்து, சாலை இரைச்சலையும் மீறிப் படிக்கத் தொடங்கினார். அப்பா முக்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னறை ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் பின்வாசலுக்கு ஓடி அம்மாவிடம், “பெரியப்பா ஏம்மா தெருவுல உக்காந்து படிக்கிறாரு?” என்று கேட்டேன்.

“அங்கதான் காத்து வருது லா” என்றார் அம்மா.

திரும்பி வந்தபோது அப்பா மறுபடி பழையபடி ஒரே பக்கத்தில் நின்றுவிட்டிருந்தார். எனக்கு அவர்மேல் பரிதாபமாகிவிட்டது. நான் பள்ளியில் வாசிப்பில் முதல் ஆள். எழுத்துக்கூட்டச் சிரமப்படுகிறார் போலிருக்கிறது, சொல்ல வெட்கப்படுகிறார் என்று நானே முடிவுசெய்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை உரக்கப் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். புடவைக்கடை விளம்பரம். இரண்டாவது வரியிலேயே அப்பா என் வாயைப் பொத்தினார்.

“சும்மா இரும்மா. படிச்சிட்டிருக்கேன்ல.”

வெளியே பெரியப்பா காற்பந்துச் செய்தியில் இருந்தார். அப்போது பேருந்து ஒன்று பெரிய இரைச்சலோடு சாலையில் போனது. அவர் நிறுத்திக்கொண்டார். அது போய் முடிந்த பிறகு, விட்ட வரியை முதலிலிருந்து மறுபடி படித்தார். பெரியம்மாவுக்குத்தான் எவ்வளவு பொறுமையாகப் படித்துக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பெரியம்மா அந்த நேரம் பின்சந்தில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.