தோள் தாங்காது என்று எழுதினேன்

பாவா என்னோடு பேசி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. போன மாதம் வரை நானும் அவரோடு பேச முயலவில்லை. அவர் என் அக்காவின் கணவர். பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். எங்களுக்குள் நிலத் தகராறு கிடையாது, நகைத் தகராறு கிடையாது. காரணத்தைக் கேட்பவர்கள் முதலில் நம்புவதில்லை, பிறகு சிரிக்கிறார்கள். அதனால் நான் யாரிடமும் சொல்வதை விட்டுவிட்டேன்.

ஆறு வருடம் நான் திருத்தணியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போய் வந்தேன். அமெரிக்காவில் நடக்கும் பேஸ்பால் ஆட்டங்களின் ஸ்கோர்களைச் சரிபார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. ஒரு ஆட்டத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஆனால் பந்து வீசுகிறவன், அதாவது பிட்சர், எந்த மாதத்தில் களைத்துப்போவான் என்று எண்களைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தப் பிரிவை மூடியபோது ஊருக்கு வந்து, தாலுகா ஆபீசுக்கு எதிரில் மனு டைப் அடித்துக் கொடுக்கும் கடை போட்டேன்.

கூட வேலை பார்த்தவர்களில் எட்டுப் பேருக்கு அந்த விளையாட்டை விட மனம் வரவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு லீக் தொடங்கினோம். காலம் நூறு வருடத்துக்கு முந்தியது. ஊர்களும் கற்பனை, வீரர்களும் கற்பனை. பெயர்களைக்கூடக் கம்ப்யூட்டரே வைத்தது. ஆளுக்கு ஒரு அணி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் பொத்தானை அழுத்துவார். லீக்கில் ஒரு மாதம் ஓடிவிடும். யார் ஜெயித்தது, யாருக்குக் கால் முறிந்தது என்று எல்லாம் அறிக்கையாக வந்து விழும்.

ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே மூன்று சின்ன அணிகள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள் அங்கே ஆடித்தான் மேலே ஏற வேண்டும். பெரும்பாலோர் ஏறுவதில்லை. எவன் ஏறுவான் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கம்ப்யூட்டர் தரும் மதிப்பெண்ணை அப்படியே நம்பினால் மோசம் போவீர்கள். பத்தொன்பது வயதுக்காரன் இருபத்திரண்டு வயதுக்காரர்களை எதிர்த்து ஆடினால், அவனுடைய சுமாரான எண்ணும் நல்ல எண்தான். உயரத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. இது எனக்குக் கைவந்திருந்தது. லீக்கில் ஒரு வருடம் முடியும்போதெல்லாம் ஐம்பது பையன்களை வரிசைப்படுத்தி, ஆளுக்கு நாலு வரி எழுதி அனுப்புவேன். எல்லாரும் என் பட்டியலை வைத்துக்கொண்டுதான் ஆட்களை மாற்றிக்கொள்வார்கள். வேறு எங்கேயும் எனக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

ஒரு நண்பர் விலகியபோது அக்கா சொன்னாள், "இவரையும் சேத்துக்கோடா. ஸ்கூல் வுட்டு வந்தா செல்ல நோண்டிகினே கெடக்குறாரு." சேர்த்துக்கொண்டேன்.

பாவாவுக்கு என்னை எப்போதுமே இளக்காரம். கல்யாணமான புதிதிலேயே என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாடா, பஞ்சு மாரி கீது" என்று எல்லார் முன்னாலும் சிரித்தவர். லீக்குக்குள் வந்த இரண்டாவது வாரமே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்தி போட்டார்: "ஐயா லிஸ்ட்டு எய்தியிருக்காரு, பாருங்கப்பா. ஒரு நாளாவது மைதானத்துல வுழுந்து முட்டி தேஞ்சிருக்குமா இவனுக்கு? மனு டைப்பு அடிக்கிறவன் ஆளு எட போடுறான்!" மற்றவர்கள் சிரிப்புப் பொம்மைகளை அனுப்பினார்கள். ஆறு வருடம் என்னோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள்.

அவர் பையன்களை உயரம், எடை, இடது கையா வலது கையா என்று பார்த்துத்தான் எடுப்பார். அது தப்பான முறை. ஆனால் லீக் கணக்கில் முதல் வருடமே அவர் அணி மூன்றாவதாக வந்தது, என் அணி ஆறாவது. ஞாயிறு தோறும் ஒரு குரல் செய்தி வரும். திங்கட்கிழமை கடையில் உட்கார்ந்து யாரோ ஒருவருடைய வாரிசுச் சான்றிதழ் மனுவை அடிக்கும்போதும் அந்தக் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த அளவுக்கு வெறுத்தேன்.

அந்த வருடம் வேறொரு நண்பருடைய சின்ன அணிகளில் கடைசியான ஒன்றில் ஒரு இடது கை பிட்சர் இருந்தான். பத்தொன்பது வயது, நல்ல உயரம். தொடக்கத்தில் பந்தைக் கண்டபடி எறிந்தவன், பாதி வருடத்துக்குப் பிறகு அடங்கியிருந்தான். மாதாமாத அறிக்கைகளைப் பிரித்துப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். நான் பார்த்திருந்தேன். ஐந்து வருடத்தில் லீக்கிலேயே அவன்தான் முதல் ஆள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பாவாவும் அவன் மேல் கண் வைத்திருக்கிறார் என்பது குழுவில் அவர் பேசியதிலிருந்து புரிந்தது.

அவனை நாற்பத்தோராவது இடத்தில் போட்டேன். "தோள் தாங்காது. இரண்டு வருடத்தில் முடிந்துபோவான்" என்று எழுதினேன். தோளில் எந்தக் கோளாறும் இல்லை. அப்படி எந்த அறிக்கையிலும் ஒரு வார்த்தை கிடையாது.

பட்டியல் போன மறுநாள் மத்தியானம் பாவா போன் செய்தார். பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம். குரலில் கிண்டல் இல்லை.

"த பாரு, குரூப்புல பேசுறத வுடு. நெசமா சொல்லு, அந்த லெஃப்ட் ஹேண்ட் பையன் தேறுவானா? எனக்கு அவன் புடிச்சிருக்கான்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "வேணாம் பாவா. நல்லா பாத்துட்டுதான் எய்தினேன். தோளு போய்டும்" என்றேன்.

"ஆங், சரி. நீ சொன்னா சரியா இருக்கும்" என்று வைத்துவிட்டார்.

பதினைந்து நாள் கழித்து, வயதான ஆட்டக்காரன் ஒருவனைக் கொடுத்து அந்தப் பிட்சரை நான் எடுத்துக்கொண்டேன்.

செய்தி குழுவில் வந்த மறுநாள் பாவா கடைக்கே வந்துவிட்டார். பள்ளிக்கு லீவு போட்டிருக்க வேண்டும். ஆர்.கே.பேட்டையிலிருந்து பட்டா மாறுதலுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். பாவா தன் போனை என் கீபோர்டு மேல் வைத்தார்.

"படிடா. சத்தமா படி."

என் பட்டியல்தான்.

"தோளு போனவன நீ எதுக்குடா எடுத்த?"

"அப்பறமா வேற ரிப்போர்ட்டு வந்துச்சி பாவா."

"எங்க, காட்டு."

காட்ட ஒன்றும் இல்லை. "விளையாட்டுதான பாவா, இதுக்குப் போயி..." என்று ஆரம்பித்தேன்.

"நான் உன்ன கிண்டல் பண்ணேன். ஒத்துக்கறேன். ஆனா கேக்கணும்னு வந்தப்ப உன்னதான்டா கேட்டேன்." பிறகு பெரியவர் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க வேற கட பாத்துக்குங்க. இவன் உங்க பட்டாவுலயும் பொய் எய்துவான்."

பெரியவர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் காகிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். எனக்கு வந்தது வெட்கமில்லை, ஆத்திரம்தான். "நீங்க என்னப் பேசுன பேச்சுக்கு இது பத்தாது" என்று கிளம்பிவிட்ட பாவாவின் முதுகைப் பார்த்துக் கத்தினேன்.

அடுத்த மாதம் திருத்தணி மலைக் கோயிலில் அக்கா மகளுக்கு மொட்டையும் காதுகுத்தும். தாய்மாமன் நான் ஒருவன்தான். பட்டுப்பாவாடை, பழத்தட்டு, சின்னதாக ஒரு ஜோடிக் கம்மல் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். மொட்டை முடிந்து, தலையில் சந்தனம் தடவி, மண்டபத்தில் மணை போட்டார்கள். ஆசாரி கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மணையில் உட்காரக் குனிந்தேன்.

"இவன் மடியில வேணாம்" என்றார் பாவா.

என் அம்மாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். "இன்னாங்க மாப்ள?"

"சித்தப்பா பையன் கீறாரு இல்ல, அவரும் மாமன்தான். அவர உக்காரச் சொல்லுங்க."

அரக்கோணத்திலிருந்து வந்திருந்த என் சித்தப்பா மகன் என்னைப் பார்த்தான், பாவாவைப் பார்த்தான். அக்கா குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நேரம் போவுதுங்க" என்றார் ஆசாரி. சித்தப்பா மகன் உட்கார்ந்தான். குழந்தை வீறிட்டபோது நான் ஓரமாகத் தட்டோடு நின்றிருந்தேன். என் கம்மலைப் போடவில்லை. பாவா ஏற்கெனவே வேறொன்று வாங்கி வைத்திருந்தார். முன்னாலேயே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

படி இறங்கும்போது அம்மா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்டி இன்னா நைனா பண்ணிட்ட அவர?"

"ஒரு பிட்சர பத்திப் பொய் சொல்லிட்டேன்மா."

"பிச்சரா? எந்த பிச்சரு? அதுக்கா இம்மாங் கோவம்?"

விளக்க முடியவில்லை. அம்மா இன்றுவரை ஏதோ சினிமாத் தகராறு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு வாரம் கழித்து அக்கா பஸ்ஸில் தனியாக வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "அவரு பண்ணது தப்பு. நீ பண்ணது அத வுட தப்பு. ஒலகத்துலயே இல்லாத ஒருத்தனுக்காக, இருக்குற கொயந்தய நடுவுல நிக்க வெச்சீங்க இல்ல? ரெண்டு பேரும் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழுவில் எழுதினேன்: "அந்தப் பிட்சரின் தோள் பற்றி நான் எழுதியது பொய். பாவாவுக்குக் கிடைக்கக் கூடாது என்று எழுதினேன்." மன்னிப்பு என்ற சொல்லைத் தட்டச்சு செய்து அழித்துவிட்டேன். அது அவருக்கு இனிக்கும் என்று தோன்றியது. அவரிடமிருந்து "படிச்சேன்" என்று ஒரே சொல் வந்தது. பிட்சரை நான் வைத்துக்கொள்ளலாம், பட்டியலை இனி பாவா எழுதட்டும் என்று கோயம்புத்தூர் நண்பர் முடிவு சொன்னார். ஒருவரும் எனக்காகப் பேசவில்லை.

பாவாவின் முதல் பட்டியலை என் பையன்களை எங்கெங்கே புதைத்திருக்கிறார் என்று பார்க்கத்தான் திறந்தேன். என் சின்ன அணியில் இரண்டாம் தளத்தில் நின்று பந்து பிடிக்கும் பையன் ஒருவன் மூன்றாவது இடத்தில் இருந்தான். "வயதுக்கு மீறிய நிதானம். எதிரில் ஆடியவர்கள் எல்லாரும் இவனைவிடப் பெரியவர்கள்" என்று எழுதியிருந்தார். நான் எழுதியிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். இடது கைக்காரனை முதல் இடத்தில் போட்டிருந்தார். ஒரு இடத்திலாவது வஞ்சம் தெரியுமா என்று ஐம்பது பேரையும் இரண்டு முறை படித்தேன். தெரியவில்லை. அவர் திருப்பி அடித்திருந்தால் என் மனம் ஆறியிருக்கும். அன்றைக்கு அவரை முன்னைவிட அதிகமாக வெறுத்தேன்.

இடது கைக்காரன் இப்போது என் பெரிய அணியில் வீசுகிறான். ஜெயிக்கிறான். அந்த அறிக்கையை நான் முழுதாகப் படிப்பதில்லை.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பார்த்தேன். அக்கா பூ வாங்கிக்கொண்டிருந்தாள். பாவா தோளில் குழந்தையைத் தூக்கி வைத்திருந்தார். நான் இரண்டடி தூரத்தில் போய் நின்று, "பாவா" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "வண்டி வந்துச்சி, ஏறு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, குழந்தையின் தலை கம்பியில் இடிக்காமல் கையால் மறைத்துக்கொண்டு பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஏறினார். நான் கடைக்குத் திரும்பினேன். வாசலில் மூன்று பேர் மனுவோடு காத்திருந்தார்கள்.