மூஞ்சி விழாத கல்யாண ஆல்பம்

பசை வாசனை... விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டால் சோப்புப் போட்டாலும் போகாது. சோறு பிசைந்தால் சோற்றிலும் அந்த வாசனைதான்.

மாட்டுங்காவில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் ஒட்டுகிற வேலை எனக்கு. ஒட்டி ஒட்டி, எந்த மாப்பிள்ளை எந்தப் படத்தில் கண்ணை மூடியிருக்கிறான் என்பது வரைக்கும் அத்துப்படி. படிப்பு அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்டது. வாய் மட்டும் நிற்கவில்லை, என்ன செய்ய!

ஓனர் மத்தியானம் சாப்பிடப் போனதும் கேமராவைத் துடைப்பேன். துடைக்கிற சாக்கில் கண்ணை வைத்துப் பார்ப்பேன். ஃபிலிம் இல்லாமலே மாட்டுங்கா முழுவதையும் எடுத்து முடித்திருந்தேன்...

ஒருநாள் தாராவியில் ஒரு மருதாணி விசேஷம். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம், எங்கள் வீட்டுக்குப் பின் சந்துதான். பெண்கள் மட்டும் இருக்கிற இடம், ஆண் போட்டோகிராபர் உள்ளே போக முடியாது. ஓனர் சுற்றுமுற்றும் பார்த்தார். கடையில் இருந்த ஒரே பெண் நான்தான்.

"நீ போறியாம்மா?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் பையைத் தோளில் மாட்டியிருந்தேன்.

அங்கே போனால், கல்யாணப் பெண்ணின் அம்மா கதீஜா மாமி வாசலிலேயே மறித்தார்.

"ஏட்டி, படம் எடு. ஆனா ஒரு மூஞ்சி விழக்கூடாது, சொல்லிட்டேன்."

"மூஞ்சி இல்லாம என்னத்த மாமி எடுக்க?"

"நீ பொம்பள, சரி. பிரிண்டு போடுதவன் ஆம்பளதான? அவன் எதுக்கு எங்க வீட்டுப் பொம்பளைகளப் பாக்கணும்?"

எங்கள் லேபில் பிரிண்ட் போடுகிறவர் ஒவ்வொரு மணப்பெண்ணுக்கும் மார்க் போடுவதை நானே கேட்டிருக்கிறேன்.

பத்துக்குப் பத்து அறை. தகரக் கூரைச் சூடு. இருபது பெண்கள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கைகளை எடுத்தேன். வேறு என்ன இருக்கிறது எடுக்க? தீக்காயத் தழும்போடு பணியாரத் தட்டை நீட்டிய கை. நகம் கடித்துக் கடித்துக் கட்டையாகிப்போன விரல். மருதாணி கலையாமல் பக்கத்திலிருந்தவள் மடியில் முழங்கையை ஊன்றிய கை...

"ஏ புள்ள, நா குண்டா விழுவனா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கை மட்டுந்தான விழுது மதினி, பயப்படாதிய" என்றேன். முதுகில் ஒரு அடி விழுந்தது.

பிரிண்ட் வந்தது. ஓனர் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா இது? கல்யாண வீடா, வளையல் கடையா? ஒரு தலையாவது இருக்கா?"

நான் விளக்கினேன். அவர் கேட்கவில்லை. "நீயே கொண்டு போய்க் குடு. அவங்க வேண்டாம்னு சொன்னா இனிமே கேமராவத் தொடக்கூடாது. பசை டப்பாவோட இரு."

ஆல்பத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சந்துக்குள் நடந்தபோது வாய் உலர்ந்து போயிருந்தது. வாய் ஓயாத எனக்கா? ஆமாம், எனக்குத்தான்!

பெண் அதற்குள் புருஷன் வீட்டுக்கு, கடையநல்லூருக்குப் போயிருந்தாள். மாமி பாயை விரித்து ஆல்பத்தைத் திறந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இது சபூரா கையி. தழும்பப் பாரு, அல்வா கிண்டயில சுட்டுக்கிட்டது."

"இந்த நகங்கடிச்சான் யாரு? நீதாம்டி!"

"என் மோதரத்தப் பாரேன்!"

நானும் பாய் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

அப்போது மாமியின் கை ஒரு படத்தில் நின்றது. மடியில் எவர்சில்வர் தட்டு, அதன்மேல் கல்யாணப் பெண்ணின் கை. தட்டுக்குள்ளே... பளபளப்பில் தலைகீழாக, பல் தெரியச் சிரிக்கிற அவள் முகம். ஒட்டும்போதுகூட நான் கவனிக்கவில்லை. கையையே பார்த்துப் பழகிய கண்.

"இத யாரெல்லாம் பாத்தா?"

"சத்தியமா நானே இப்பதான் பாக்கேன் மாமி."

போச்சு என்று நினைத்தேன். மாமி ஆல்பத்தைத் தலைகீழாகத் திருப்பினார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நகத்தால் ஓரத்தை நெம்பி, படத்தைக் கிழியாமல் பிரித்தெடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது எங்கிட்ட கெடக்கட்டும். மத்தது நல்லாருக்கு. எங்க நாத்தனா மவ கல்யாணத்துக்கும் நீதான் வரணும், கேட்டியா?"

அப்படித்தான் நான் போட்டோகிராபர் ஆனேன். குர்லா, சயான் என்று எங்கே போனாலும், "அந்தக் கை எடுக்குத அக்கா வந்தாச்சு" என்பார்கள். ஸ்டைல் என்பதெல்லாம் பெரிய வார்த்தை. வேறு வழியில்லாமல் தரையில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

இப்போது தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். பை தொங்கித் தொங்கி ஒரு பக்கத் தோள் சரிந்தேவிட்டது.

போன வாரம் செம்பூரில் ஒரு ஹால் கல்யாணம். மணப்பெண் மொபைலை நீட்டினாள். யாரோ எங்கோ எடுத்த நாற்பது படங்கள். "ஆன்ட்டி, சேம் டு சேம் வேணும்." சேம் டு சேம் எடுத்தேன். முடியாது என்று சண்டை போடவெல்லாம் தெம்பு இல்லை. நடுநடுவே பழக்கதோஷத்தில் கைகளையும் எடுத்திருக்கிறேன் போல.

நேற்று காட்கோபரிலிருந்து எடிட்டிங் செய்கிறவர் கூப்பிட்டார். "அரே ஆன்ட்டி, ஃபேஸ் இல்லாம ஒரு எண்பது ஃபோட்டோ கிடக்கு. எல்லாம் வேஸ்ட். டிலீட் அடிச்சிரவா?"

"இரு ராஜா, ஒருதடவ அனுப்பு" என்றேன்.

அனுப்பினார். கட்டிலில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. விரல்கள் அழகாக இருந்தன.

யார் கை என்று ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை. அந்த ஹாலில் நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லையே...

"அடிச்சிரு" என்று பதில் போட்டேன்.