பன்னிரண்டாவது குடம்

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் லைனுக்கும் எதிர் லைனுக்குமாகப் பதினாறு வீடுகள், பைப்பு ஒன்றுதான். கார்ப்பரேஷன் தண்ணீர் சாயங்காலம் நாலு மணிக்கு வரும், வந்தால். காலையிலேயே குடங்களை வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். வைத்த வரிசையைக் கலைப்பது அங்கே கொலைக்குச் சமம். விலக்கு ஒன்றே ஒன்று. பிள்ளை உண்டாகியிருப்பவளின் குடம் எத்தனையாவதாக இருந்தாலும் முதலில் நிறையும். நிறைந்த குடத்தை அவள் தொடக் கூடாது. வரிசையில் முதலில் நிற்பவள்தான் இடுப்பில் தூக்கிப் போய் வீட்டுக்குள் இறக்கிவைக்க வேண்டும். யார் போட்ட சட்டமோ தெரியாது. முடியைப் பிடித்துச் சண்டை போட்டவர்கள்கூட அதை மீறி நான் பார்த்ததில்லை.

அந்தச் சட்டத்தை நான் ஒருமுறை தவறாகப் பயன்படுத்திவிட்டேன். தொண்ணூறுகளின் கடைசி அது. நான் நாலாம் வகுப்பு.

எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அதுவும் மலையாள எழுத்து. தமிழ் எழுத்தைக் காலேஜ் முடித்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். அப்பா கார்ப்பரேஷனில் ஓடை சுத்தம் செய்பவர். அம்மா கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிடங்கில் வேலை பார்த்தாள். பஸ் போர்டு, ரேஷன் கடை நோட்டீஸ், மருந்துக் கவர் எல்லாம் என்னிடம்தான் வரும். படித்துப் படித்து, உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு வந்திருந்தது.

அம்மா வீட்டுக்குள் வரும் முன்னாலேயே சுக்கு வாசனை வந்துவிடும். இன்றைக்கும் யாராவது சுக்குக் காப்பி போட்டால் எனக்கு அந்த ஒற்றை அறையும் அதன் நீலச் சுவரும் வந்து நிற்கும். அந்த வருடம் அம்மாவின் முகத்தில் சுக்குத் தூசி எது, தோல் எது என்று தெரியவில்லை. அவ்வளவு வெளுப்பு. கிடங்கின் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கி நிற்பாள். அரிசி டின்னைத் திறந்து பச்சை அரிசியை ஒரு பிடி வாயில் போட்டு மெல்லுவாள். வயிறு மட்டும் முன்னே வந்திருந்தது.

வீடுகளுக்குப் பின்னால் பொதுவாக ஒரு சந்து. அதில்தான் எல்லோருடைய துணிக்கொடியும். எங்கள் கொடியின் இரண்டு கம்பங்களும் எனக்குக் கோல் போஸ்ட். ஆனால் அம்மா சில நாட்களில் அந்தக் கொடியில் ஒரு பழைய பாவாடையை விரித்து, அதன் அடியில் கிழிந்த சேலைத் துண்டுகளை ஒளித்துக் காயப்போடுவாள். அப்போது அங்கே பந்து விளையாடக் கூடாது. ஒருமுறை பந்து பட்டுப் பாவாடை விலகிவிட்டது. எதற்கும் கைநீட்டாத அம்மா அதற்கு அடித்தாள். முன்பெல்லாம் நாலைந்து நாள்தான் பாவாடை கிடக்கும். அந்த வருடம் மாதத்தில் பாதி நாள் எனக்கு விளையாட்டு இல்லை.

ஒருநாள் கிடங்கில் சுக்கு மூட்டையோடு அம்மா சரிந்து விழுந்தாள். மேஸ்திரி ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். மறுநாள் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. போர்டு படிக்க ஆள் வேண்டுமே என்று அம்மாவுடன் நான் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் ஒரு அம்மாள். எத்தனை நாளாக இப்படி என்று மலையாளத்தில் கேட்டார். நாலு வருஷம் என்றாள் அம்மா. டாக்டரின் பேனா நின்றது. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு அம்மா தமிழில்தான் சொன்னாள்: "எல்லாப் பொம்பளைங்களுக்கும் இப்படித்தான் போகும்னு நெனச்சேன்." டாக்டர் என்னைப் பார்த்து, வெளியே போய் நில் மோனே என்றார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே, வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். வரிசையில் நிற்காமல் அம்மாவுக்குக் கிடைத்த தண்ணீர் அதுவாகத்தான் இருக்கும். பெஞ்சில் எங்கள் இரண்டு பக்கமும் பெரிய வயிற்றோடு பெண்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் தன் வயிற்றைத் தட்டி, உள்ளே ஒரு கள்ளன் இருக்கிறான் என்று என்னிடம் சிரித்தாள். நான் அம்மாவின் வயிற்றைப் பார்த்தேன். கணக்கு சரியாக வந்தது.

திரும்பி வரும் வழியில், "பாப்பா எப்பம்மா வரும்?" என்று கேட்டேன். அம்மா மருந்துச் சீட்டை மடித்து மடித்து ஒரு விரல் அளவுக்கு ஆக்கியிருந்தாள். நான் கேட்டது காதில் விழுந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. "பார்ப்போம்" என்றாள். எனக்கு அது போதும்.

வீடு வந்தபோது நாலு மணி. அம்மா உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். எங்கள் குடம் பன்னிரண்டாவது. முதலில் நின்றது பக்கத்து வீட்டு இத்தா. துலுக்க வீட்டு அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர்கள் வீட்டிலும் தமிழ்தான். இத்தா சும்மாதான் கேட்டாள்: "ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க மோனே?"

"எங்கம்மாவுக்குப் பாப்பா. ஸ்கேன் எடுத்தாச்சு."

பைப்படியில் சத்தம் அடங்கியது. ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். இத்தா என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்படியா" என்றாள். பிறகு தன் குடத்தை நகர்த்திவிட்டு, பன்னிரண்டாவது குடத்தை எடுத்துப் பைப்புக்கு அடியில் வைத்தாள். பதினோரு பேரில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

இத்தா குடத்தோடு எங்கள் வாசலில் நுழைந்தபோது அம்மா பதறி எழுந்தாள். "உன் மகன் எல்லாம் சொல்லிட்டான் புள்ளே. நீ இனிமே குடம் தூக்கக் கூடாது" என்றாள் இத்தா. அம்மா என்னைப் பார்த்தாள். வாய் திறந்தது. பிறகு இத்தா இறக்கிவைத்த குடத்தைப் பார்த்தாள். அது விளிம்புவரை நிறைந்திருந்தது. வாயை மூடிக்கொண்டாள். நான் அதை வெட்கம் என்று நினைத்தேன்.

அன்று அப்பா வந்ததும் என்னைத்தான் பிடித்தார். ஓடை வேலைக்குக் கூட வருபவர்கள் தெருமுனையிலேயே அவருக்கு வாழ்த்துச் சொல்லி, சாயா வாங்கித் தரச் சொல்லியிருக்கிறார்கள். "கார்ப்பரேஷன் பைப்புகூட எப்பவாச்சும்தான்டா தெறக்கும். உன் வாயி மூடுறதே இல்லையே." பிறகு அம்மாவிடம் தாழ்ந்த குரலில், "சொல்லிரு. நாளைக்கே எல்லார்கிட்டயும் சொல்லிரு" என்றார். அம்மா சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "ரெத்தம் ஏறட்டும். அதுக்கப்புறம் சொல்லிக்கலாம்."

ரத்தம் ஏறுவது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. பாப்பாவுக்குத்தான் ஏறுகிறது போலும்.

அந்த மூன்று மாதங்கள் எங்கள் வீட்டில் திருவிழா மாதிரி இருந்தன. தினமும் குடம் தானாக வந்தது. கிடங்கு மேஸ்திரி அம்மாவை மூட்டைப் பக்கமே விடாமல், உட்கார்ந்து சுக்கு பொறுக்கும் இடத்துக்கு மாற்றினார். இத்தா வாரம் இரண்டு முறை ஆட்டு ஈரல் வறுத்துக் கொண்டுவந்தாள். அம்மா தின்று முடிக்கும்வரை வாசலில் உட்கார்ந்து காவல் இருப்பாள். எதிர் லைன் சேச்சி முருங்கைக்கீரை கொடுத்தாள். யாரோ பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். அதில் பாதி என் வயிற்றுக்குப் போனது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை நானே கவரைப் படித்துப் பார்த்து எடுத்துக் கொடுப்பேன். தங்கைக்கு ஒரு பெயர் யோசித்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். அது தம்பியாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ சொல்ல வருவது போல இருக்கும். கடைசியில் பேரீச்சம்பழத்தை நீட்டுவாள். எனக்கு ஒரே ஒரு குறைதான். கொடியில் பாவாடை இப்போதும் மாதத்தில் பாதி நாள் கிடந்தது.

ஆபரேஷன் நாள் வந்தது. அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வார்டில் அம்மாவுக்குத் துணை. நானும் அப்பாவும் தியேட்டர் வாசலில். மதியம் ஒரு நர்ஸ் கதவைத் திறந்து அம்மாவின் பெயரைச் சொல்லி, "பைஸ்டாண்டர் உண்டோ?" என்று கேட்டாள். துணைக்கு நிற்பவரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்பா போனார். ஒரு ஸ்டீல் தட்டில் எதையோ காட்டினாள். அப்பா ஒரு நொடி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பிளாஸ்டிக் ஜாடியும் சீட்டும் கைக்கு வந்தன. எறணாகுளம் கரையில் உள்ள லேபில் கொடுத்துவர வேண்டும்.

"பாப்பா எங்கேப்பா?"

"பாப்பா இல்லடா. கட்டி. உங்கம்மா வயித்துல இருந்தது கட்டி."

போட் ஜெட்டியில் அப்பா டிக்கெட்டுக்குச் சில்லறை தேடினார். ஜாடியை என்னிடம் கொடுத்தார். "கீழ வைக்காத. மடியிலயே வச்சுக்க." ஒரு தேங்காயின் கனம் இருக்கும். மருந்து நெடி தாளைத் தாண்டி வந்தது. எதிர் சீட்டில் ஒரு வயதான சேச்சி என்னைப் பார்த்துச் சிரித்து, "எந்தா மோனே, அச்சாரா?" என்று கேட்டாள். ஊறுகாயை அங்கே அச்சார் என்பார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். "மாங்காயா, நாரங்காயா?" அப்பா ஜன்னல் வழியாகக் காயலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மாங்காய் என்றேன். எண்ணெய் மேலே நிற்க வேண்டும், இல்லையென்றால் பூத்துவிடும் என்று அந்த அம்மாள் புத்தி சொன்னாள்.

எனக்குள் ஆத்திரம் பொங்கியது. என் தங்கை இருக்க வேண்டிய இடத்தில் இது இருந்திருக்கிறது. பெயர் எழுதிய பக்கத்தை என்ன செய்வது? லைனில் எல்லோர் முகத்திலும் எப்படி விழிப்பது? போட் நடுக்காயலில் இருந்தபோது ஜாடியைத் தண்ணீரில் போட்டுவிடலாம் என்று ஜன்னல் விளிம்புவரை தூக்கிவிட்டேன். அப்பா என் கை மேல் தன் கையை வைத்தார். லேப் வாசல்வரை அந்தக் கை எடுக்கப்படவில்லை.

ஆறேழு வருடம் கழித்து ஒரு பாடப் புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்தேன். கருப்பையின் தசைச் சுவரில் வளரும் கட்டி. பெரும்பாலும் புற்று அல்ல. பலருக்கு இருப்பதே தெரியாது. எல்லோருக்கும் அறுக்க வேண்டியதும் இல்லை. சிலருக்கு மட்டும் மாதாமாதம் ரத்தத்தை வடித்தெடுத்து, மூச்சு வாங்க வைத்து, பச்சை அரிசியை மெல்ல வைக்கும். ரத்தம் குறைந்தவளை உடனே அறுக்க முடியாது. முதலில் ரத்தம் ஏற வேண்டும். எனக்குப் புத்தகத்தில் அரைப் பக்கம் அது. அம்மாவுக்கு நாலு வருடம். கட்டியோடு சேர்த்துக் கருப்பையையும் எடுத்திருந்தார்கள் என்பதை அன்றைக்குத்தான் அத்தையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். காயல் நடுவில் நான் எறியப் பார்த்தது, பத்து மாதம் என்னைக் கீழே வைக்காமல் வைத்திருந்த இடம்.

லேபிலிருந்து பயப்பட ஒன்றுமில்லை என்று சீட்டு வந்தது. அதையும் நான்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

அம்மா வீட்டுக்கு வந்ததும் பைப்படிப் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து பார்த்தார்கள். யாரும் பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை. என்னையும் யாரும் பொய்யன் என்று சொல்லவில்லை. மறந்துவிட்டார்கள் என்று நினைத்து நிம்மதியானேன்.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு காலையில் அம்மா மெல்ல நடந்து போய், காலிக் குடத்தை வரிசையின் கடைசியில் தானே வைத்துவிட்டு வந்தாள். எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டாவது. சாயங்காலம் தண்ணீர் வந்ததும் இத்தா நேராகப் போய் அந்தக் குடத்தைத் தூக்கிப் பைப்புக்கு அடியில் வைத்தாள்.

"வேணாம் இத்தா" என்றாள் அம்மா. "அது ஒண்ணுமில்லன்னுதான் ஆயிப்போச்சே. அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும். உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்."

இத்தா தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ எங்க ஏமாத்தினே? மூணு மாசமும் உன் கொடியில பாவாடை விரிஞ்சேதான கெடந்துச்சு. எங்களுக்கெல்லாம் கண்ணு இல்லையா புள்ளே?"

"என் கொடிக்கு அடுத்த கொடியாக்கும் அது" என்றாள் எதிர் லைன் சேச்சி. "பாப்பா உள்ளவளுக்கு அந்தத் துணி எதுக்குன்னு அன்னைக்கே இத்தா கேட்டா. கேட்டுட்டு, ஒருத்தியும் வாய் தெறக்கக் கூடாதுன்னும் சொன்னா."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் ஒரு கையால் வயிற்றுத் தையலை அழுத்திக்கொண்டு, மறு கையால் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். கண்ணிலிருந்து ஏன் தண்ணீர் வருகிறது என்று பார்த்தேன். வலிக்கிறது போலும். ஒரு பழைய பாவாடையைப் பற்றி இத்தனை பேர் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

குடம் நிறைந்தது. இத்தா அதை இடுப்பில் ஏற்றினாள். நான் பந்தை எடுத்துக்கொண்டு பின் சந்துக்கு ஓடினேன். கொடி காலியாக இருந்தது. அதற்குப் பிறகு மாதம் முழுவதும் எனக்கு விளையாட்டு உண்டு. ஏன் என்று யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.