தெவசத்துக்கு மறுநாள்

என் வீட்டுக்காரர் செத்தது ஆவணி மூன்றாம் தேதி. சங்ககிரி ரோட்டில் அப்போதெல்லாம் நாளைக்கு இரண்டு கார் போனால் பெரிது. கடலைக்காய் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் நடந்துபோனவரை, அந்த இரண்டில் ஒரு கார் பின்னால் வந்து அடித்துவிட்டது. மாட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லையாம். துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் அதையே அதிசயமாகச் சொன்னார்கள். எனக்கு அந்த மாட்டைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

கார் ஒரு ரைஸ்மில் முதலாளியுடையது. மாஜிஸ்திரேட் டிரைவருக்கு அபராதம் போட்டார், அவன் கட்டிவிட்டுப் போய்விட்டான். பிறகு ஊர்க் கணக்குப்பிள்ளை என் மூத்தாரிடம், அதாவது வீட்டுக்காரரின் அண்ணனிடம், "அது வேற கேஸுங்க. பொண்டாட்டி தனியா நஷ்டஈடு கேக்கலாமுங்க" என்று சொன்னது உள்ளே இருந்த என் காதில் விழுந்தது.

எனக்குப் பிள்ளை இல்லை. பிறந்த வீட்டிலும் யாரும் மிச்சமில்லை. நிலம் கூட்டுச் சொத்து; அதில் எனக்குச் சோறு உண்டு, பங்கு கிடையாது. நஷ்டஈடு வந்தால் ஓடு போட்ட சின்ன வீடாவது கட்டிக்கொண்டு தனியாக இருக்கலாம். வராவிட்டால் காலமெல்லாம் மூத்தார் வீட்டுச் சமையலறைதான்.

மூத்தார் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

"தெவசம் முடியாம கோர்ட்டுப் படி ஏறக்கூடாது அம்மிணி. மூலையில இருக்கறவ ஊரெல்லை தாண்டுனா செத்தவனுக்கு ஆகாது. தெவசத்துக்கு மறுநாளே நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

தையில் கேட்டேன், சித்திரையில் கேட்டேன். அதே பதில்தான். நடுவில் மில் முதலாளியின் கணக்கர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, "தெவசம் முடியட்டுமுங்க, முதலாளியே வந்து உக்காந்து பேசுவாருங்க" என்றார். மூத்தாருக்கு அதில் ரொம்பத் திருப்தி.

எங்களுக்கு வருஷம் என்றால் திதிதான். அவர் போன திதி அடுத்த வருஷம் ஆடிக் கடைசியிலேயே வந்துவிட்டது. மாதம் ஆவணியாக இருக்கவேண்டும் என்று அதை விட்டுவிட்டு, ஆவணி இருபத்திரண்டில் மறுபடி வந்த திதிக்குத் தெவசம் வைத்தார்கள். மறுநாள் காலையிலேயே மூத்தாரும் நானும் பஸ் ஏறிச் சேலம் போனோம். ஒரு வருஷத்துக்குப் பிறகு வெளியே வந்ததில் வெயிலுக்குக் கண் கூசியது.

வக்கீல் பொறுமையாக எல்லாம் கேட்டார். செத்த தேதியைக் கேட்டுவிட்டுச் சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

"ஒரு வருஷத்துக்குள்ள கோர்ட்டுல தாவா போட்டிருக்கணும்மா. இருபது நாள் பிந்திப்போச்சு."

"வருஷம் நேத்துத்தானுங்க முடிஞ்சுது" என்றார் மூத்தார்.

"தெவசக் கணக்கெல்லாம் கோர்ட்டுக்குக் கிடையாதுங்க. தேதிதான்."

"துக்க ஊடுன்னு சொன்னா கேக்க மாட்டாங்களா?"

"ஒரு நாள் தாண்டினாலும் தள்ளிருவாங்க." காலண்டரிலிருந்து திரும்பி, "தெவசம் முடியட்டும்னு ஒரு கணக்கர் வந்தாருன்னீங்களே, அவங்க வக்கீலுக்கு இந்தக் கெடு தெரிஞ்சிருக்கும்" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. மேஜைமேல் இருந்த மைக்கூட்டை எடுத்து மூத்தார் தலையில் போட்டால் என்ன என்றுதான் இருந்தது.

அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினோம். வீட்டில் சாப்பிட உட்கார்ந்த மூத்தார், "உன்ற வாழ்க்கைய நான்தான் கெடுத்துப்போட்டேன் சாமி" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"சோறு ஆறிப்போகுது, சாப்புடுங்க மாமா" என்றேன்.

வேறென்ன சொல்ல? அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டேன். இருபத்தாறு வருஷம் கழித்து அவர் கண்ணை மூடுகிறவரை போட்டுக்கொண்டே இருந்தேன்.